குழந்தைகளைக் காக்கும் அமைச்சை யார் பார்ப்பது? சிங்கப்பூருக்குப் பொருந்தும் கண்காணிப்பு எது?

ஒரு குழந்தையின் உடம்பில் காயம் இருக்கிறது என்று பாலர் பள்ளி ஆசிரியர் சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும், தகவல் கடைசியில் போய்ச் சேரும் இடம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. விசாரிப்பவர்கள் அதன் அதிகாரிகள். குழந்தையை வீட்டிலிருந்து எடுக்கலாமா என்று முடிவெடுப்பவர்களும், இளையர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவர்களும் அவர்களே. குடும்பச் சேவை நிலையங்களுக்கு நிதி கொடுப்பது, சிறுவர் இல்லங்களுக்கு உரிமம் கொடுப்பது எல்லாம் அதே அமைச்சின் பொறுப்பு. ஏதாவது கைமீறிப் போனால், என்ன நடந்தது என்று பார்க்கும் குழுவை நியமிப்பதும் அந்த அமைச்சுதான்.

அதிகாரிகளின் நேர்மை இங்கே கேள்வி இல்லை. கடினமான வேலையைச் செய்பவர்கள் அவர்கள். நடுராத்திரியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டி, அரைமணி நேரத்தில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை முடிவுசெய்ய வேண்டியவர்கள். அவ்வளவு கனமான முடிவை, அதை எடுத்த அமைப்புக்குக் கட்டுப்படாத ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் வைக்கும் வாதம். அதை எப்படிச் செய்வது என்பதற்கு உலகில் நாலைந்து வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே உதவியது, எங்கே தவறியது, சிங்கப்பூருக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்போம்.

இப்போது இருப்பது என்ன

முதலில் நீதிமன்றம். குழந்தையை எடுத்த பிறகு, பராமரிப்பு, பாதுகாப்பு ஆணை வேண்டுமென்றால் அமைச்சு இளையர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இது உண்மையான தடுப்பு. ஆனால் அதற்கு இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. பெற்றோர் தாமாக முன்வந்து பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகாமலே முடியலாம். "கையெழுத்து போடாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும்" என்று கேட்ட பிறகு போடும் கையெழுத்து எவ்வளவு தாமாக முன்வந்தது என்பதைச் சோதிக்க வெளியாள் யாரும் இல்லை. இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. நீதிபதி பார்ப்பது எடுக்கப்பட்ட குழந்தையை மட்டும். எடுக்கப்படாத குழந்தை, அதாவது "ஆபத்து குறைவு" என்று கோப்பு மூடப்பட்ட குழந்தை, எந்த நீதிமன்றத்தின் கண்ணிலும் படுவதில்லை. இறந்துபோகும் குழந்தைகளில் பலர் அந்த வரிசையில் இருப்பவர்கள்.

இல்லங்களைப் பார்வையிடும் குழுக்கள் இருக்கின்றன, பராமரிப்புத் திட்டங்களைப் பார்க்கும் மறுஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. இரண்டையும் நியமிப்பவர் அமைச்சர். குழந்தை இறந்தால் மரண விசாரணை உண்டு; அது மரணத்தின் காரணத்தைத் தேடும், இறக்காமல் தப்பித்த நூறு பேரைப் பற்றிக் கேட்காது. உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம். அங்கே முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள், நல்ல முடிவா என்று பார்க்க மாட்டார்கள். செலவும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியது இல்லை. மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னால் அவர் கடிதம் எழுதுவார். கடிதம் அதே அமைச்சுக்குத்தான் போகும்.

தனிக் குழு அமைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. 2020 பிப்ரவரியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கொடுமைக்கு ஆளாகி இறந்தாள். அவள் உடம்பில் காயங்கள் இருப்பதை பாலர் பள்ளி 2019இலேயே கவனித்திருந்தது. தாய்க்கு 19 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது 2025இல். அந்த ஆண்டுதான் மறுஆய்வுக் குழு அமைந்தது. அக்டோபரில் அதன் அறிக்கை வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் நடைமுறை தவறிய இடங்களை அது எடுத்துக்காட்டியது. பயனுள்ள வேலை. ஆனால் இறப்புக்கும் அறிக்கைக்கும் நடுவே ஐந்தரை ஆண்டுக்கு மேல். இடைப்பட்ட காலத்தில் அதே மாதிரியான தொலைபேசி அழைப்புகள், அதே மாதிரியான கைமாற்றங்கள் தினமும் நடந்துகொண்டிருந்தன. பொதுமக்கள் குரல் எழும்பாவிட்டால் அப்படி ஒரு குழு அமைந்திருக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எந்தச் சட்டப் பிரிவும் இல்லை.

அரசின் அதிகாரமோ வளர்ந்திருக்கிறது. சிறார், இளையர் சட்டத்தின் திருத்தம் 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பாதுகாப்புக்கு உட்பட்ட வயது 16க்குக் கீழ் என்பதிலிருந்து 18க்குக் கீழ் என்று உயர்ந்தது. குழந்தையைப் பற்றிய அன்றாட முடிவுகளை எடுக்கக் கூடுதல் அதிகாரம் தரும் புதிய வகை ஆணையும் வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். கண்காணிப்பு மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது.

இந்த யோசனை இங்கே புதிதும் இல்லை. தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் 1966இலேயே சிங்கப்பூருக்கு ஓம்பட்ஸ்மன், அதாவது அரசாங்கத்தின்மீது மக்கள் தரும் முறையீடுகளை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி, வேண்டும் என்று பரிந்துரைத்தது; அது நடைமுறைக்கு வரவில்லை. சிங்கப்பூர் 1995இல் இணைந்த சிறார் உரிமை உடன்படிக்கையின் ஐநா குழுவும், சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று 2019இல் கேட்டது.

சிறார் ஆணையர்

முதலில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இந்த வழிதான். நார்வே 1981இல் உலகின் முதல் சிறார் ஓம்பட்ஸ்மனை நியமித்தது. இங்கிலாந்து 2004 சட்டத்தின் மூலம் சிறார் ஆணையரைக் கொண்டுவந்தது. பக்கத்தில் மலேசியா 2019இல் தன் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குள் சிறார் ஆணையர் பதவியை வைத்தது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் கையில் இருக்கும் அதிகாரம் வேறு வேறு. இங்கிலாந்தின் 2004 சட்டம், தனி ஒரு குழந்தையின் விவகாரத்தை ஆணையர் விசாரிக்கக் கூடாது என்றே சொன்னது. வீட்டை விட்டு வெளியே வளரும் குழந்தைகளுக்கு ஆலோசனையும் உதவியும் தரலாம் என்று 2014இல்தான் சேர்த்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை வேறு. சிறார் பாதுகாப்பைப் பற்றி 2006இல் நடந்த ஹியூஸ் மறுஆய்வுக்குப் பிறகு அமைந்த சிறார், இளையர் பிரதிநிதி சட்டமன்றத்தின் அதிகாரி. அரசு சேவை பெற்ற குழந்தை இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ அவரே விசாரிக்க முடியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாங்கள் தயங்காமல் பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் நிற்போம். கோப்பைத் திறக்க முடியாத ஆணையர் நல்ல உரைகள் நிகழ்த்துவார். அதற்கு மேல் அவரால் முடியாது.

இந்த வழியின் பலவீனத்தைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் காட்டியது. அங்கே குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்துவந்த சிறார் வழக்குரைப்பாளர் அலுவலகத்தைப் புதிய அரசாங்கம் 2018இல் சட்டம் போட்டு, 2019 மே 1 முதல் மூடியது. பொது ஓம்பட்ஸ்மனிடம் சில வேலைகளை ஒப்படைத்தது. சாதாரணப் பெரும்பான்மையில் வந்த அலுவலகம் சாதாரணப் பெரும்பான்மையில் போய்விடும்.

சோதனை அமைப்பு

இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு உள்ளாட்சிகளின் சிறார் சேவைகளைச் சோதித்து நான்கு நிலைகளில் மதிப்பெண் போடுகிறது. மோசம் என்று வந்தால் அரசாங்கம் தலையிடுகிறது.

இதில் கற்க வேண்டிய பாடம் லண்டனின் ஹாரிங்கே வட்டாரம். 2000இல் அங்கே எட்டு வயதுச் சிறுமி இறந்ததற்குப் பிறகு லார்ட் லேமிங் விசாரித்து, 2003இல் 108 பரிந்துரைகள் தந்தார். 2007இல் அதே வட்டாரத்தில் இன்னொரு குழந்தை, பதினேழு மாதக் குழந்தை, கொடுமையால் இறந்தது. அந்தச் சமயத்தில் ஹாரிங்கேயின் சிறார் சேவைக்கு ஆஃப்ஸ்டெட் தந்திருந்த மதிப்பு "நன்று". 2008இல் வழக்கு முடிந்து நாடே கொதித்தபோது அவசரச் சோதனை நடத்தி "போதாது" என்றார்கள். முதல் மதிப்பீடு பெருமளவு அந்த வட்டாரமே அனுப்பிய தரவுகளை நம்பியது. கெடுவுக்குள் முடித்த மதிப்பீடுகள் எத்தனை விழுக்காடு என்று எண்ணினால், கெடுவுக்குள் அவசரமாக முடித்த மோசமான மதிப்பீடும் நல்ல கணக்கில் சேரும்.

சிங்கப்பூருக்கு இது பொருந்தாததற்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் 150க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம். இங்கே ஒரே சேவை. "நன்று" என்று மதிப்பெண் போட்டால் எதோடு ஒப்பிட்டு? சிறுவர் இல்லங்களுக்கும் வளர்ப்புப் பராமரிப்பு முகவைகளுக்கும் சோதனை தேவை. இல்லங்களில் அதை இப்போதே உரிமம் வழங்கும் பிரிவு செய்கிறது. அதைப் பெரிதாக்குவதில் பெரிய பயன் தெரியவில்லை.

நிலையான மறுஆய்வுக் குழு

குழந்தை இறந்த பிறகு, அல்லது படுகாயம் அடைந்த பிறகு, யாரும் கேட்காமலே தானாகத் தொடங்கும் விசாரணை இது. இங்கிலாந்தின் 2017 சட்டம் தேசிய அளவில் இப்படி ஒரு குழுவை அமைத்தது. உள்ளாட்சி 5 வேலை நாளுக்குள் குழுவுக்குச் சொல்ல வேண்டும். 15 வேலை நாளுக்குள் விரைவு மறுஆய்வை முடித்து அனுப்ப வேண்டும். பெரிய விசாரணை வேண்டுமா, என்ன பாடம் என்று அதன் பிறகு முடிவாகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், இறப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் சிறுவர் பாதுகாப்புச் சேவைக்குத் தெரிந்திருந்த ஒவ்வொரு குழந்தையின் இறப்பையும் அங்குள்ள ஆணையம் பார்க்கிறது.

15 வேலை நாள் என்பது மூன்று வாரம். ஐந்தரை ஆண்டோடு வைத்துப் பாருங்கள். மூன்று வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடாது; குற்றவியல் வழக்கு நடக்கும்போது சில சாட்சிகளிடம் பேசவும் முடியாது. ஆனால் அழைப்பு எப்போது வந்தது, யார் எடுத்தார், எதில் பதிவு செய்தார், யாருக்கு அனுப்பினார் என்பதற்கு வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே அடைக்க வேண்டிய ஓட்டைகள் அங்கேதான் இருக்கும்.

குறை என்ன? விபரீதம் நடந்த பிறகே இது விழித்துக்கொள்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று பின்னால் சொல்கிறோம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வெளியாள்

இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுதந்திர மறுஆய்வு அதிகாரி ஒருவர் உண்டு. முதல் மறுஆய்வு 20 வேலை நாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. அட்டவணை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரிக்குச் சம்பளம் தருவது அதே உள்ளாட்சி. "சுதந்திரம்" என்ற சொல் பதவிப் பெயரில் மட்டும் இருந்தது என்ற குறை நெடுநாளாக உண்டு. 2022இல் வந்த பெரிய மறுஆய்வு இந்தப் பதவியையே எடுத்துவிடலாம் என்றது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வேறு வழியில் போனது: சிறார் துறைக்கு வெளியே உள்ள பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் இல்லங்களுக்கு நேரில் போய்க் குழந்தையிடம் பேசுகிறார்கள். நாங்கள் விரும்புவது இரண்டாவதை.

நியூசிலாந்து எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தது. 2022 சட்டம் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, கண்காணிப்புக்கு ஓர் அமைப்பு, முறையீடுகளுக்கு ஓம்பட்ஸ்மன், குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்க ஓர் ஆணையம். காகிதத்தில் தெளிவு. ஆனால் கண்காணிப்பு அமைப்பை அரசுத் துறை ஒன்றின் நிழலில் வைத்ததால் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை குறைவாக இருந்தது. குடும்பங்களுக்கோ எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் இருந்தது. அறுபது லட்சம் பேர் வாழும் ஒரே நகரத்தில் மூன்று கதவு தேவையில்லை.

எங்கள் தேர்வு

நிலையான மறுஆய்வுக் குழுவை முதலில் சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும். அதன் கீழேயே பார்வையாளர்களை வைக்க வேண்டும். முறையீட்டு அதிகாரம் கொண்ட ஆணையர் பதவி அதே அலுவலகத்திலிருந்து பிறகு வளரட்டும். ஆணையரிலிருந்து தொடங்கினால் முதல் ஐந்து ஆண்டு அலுவலகம், அறிமுகம், விழிப்புணர்வு என்றே போய்விடும் என்பது எங்கள் கணிப்பு. கோப்பிலிருந்து தொடங்குபவருக்கு முதல் மாதத்திலேயே வேலை இருக்கும்.

விபரீதத்துக்குப் பிறகே விழிக்கும் குறைக்கு மருந்து, மாதிரிக் கோப்புச் சோதனை. 2021இல் அமைச்சு புதிதாக விசாரித்த சிறார் கொடுமைச் சம்பவங்கள் 2,141. முந்தைய ஆண்டு 1,313. 2021இன் எண்ணிக்கையில் 5 விழுக்காட்டைக் குலுக்கல் முறையில் எடுத்தால் 107 கோப்பு. ஒரு கோப்புக்கு இரண்டு நாள் என்றால் 214 நாள், அதாவது ஒருவரின் ஓராண்டு வேலை. அவ்வளவுதான் செலவு.

ஆனால் அந்த 107 மட்டும் போதாது. விசாரணைக்கே எடுக்கப்படாமல் குடும்பச் சேவை நிலையத்துக்கு அனுப்பப்பட்ட அழைப்புகளிலும், "ஆலோசனை மட்டும்" என்று முடிந்த அழைப்புகளிலும் இன்னொரு 107 எடுக்க வேண்டும். தவறு பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். ஆசிரியர் "முகத்தில், கைகளில், காலில் காயங்கள்" என்று சொல்வார். நிலையத்தின் அறிக்கையில் அது "சில காயங்கள்" ஆகும். அடுத்த மேசைக்குப் போகும்போது "பெற்றோர் கண்டிப்பு பற்றிய கவலை" ஆகும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் மென்மையாக்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது அழைப்பு வந்து, பதிவாகாமலே போகும். அல்லது குழந்தையைப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரே வெளியாள் அதோடு போய்விடுவார். "குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று குறிப்பு எழுதிக் கோப்பை மூடுவார்கள். தொடர்புகொள்ள முடியாமை ஆபத்தின் அறிகுறி, மூடுவதற்குக் காரணம் ஆகாது. சோதனை செய்பவர் முதல் அழைப்பின் சொற்களையும் கடைசிக் குறிப்பின் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே இது வெளிப்படும்.

குழந்தையை எடுத்த கோப்புகளும் மாதிரியில் இருக்க வேண்டும். ஹாரிங்கே வழக்கு முடிந்த 2008க்குப் பிறகு இங்கிலாந்தில், பழி வந்துவிடுமோ என்ற பயத்தில் குழந்தைகளை எடுக்கக் கோரும் மனுக்கள் வேகமாகக் கூடின. எடுக்காததை மட்டும் குற்றம் காணும் கண்காணிப்பு, அதிகாரிகளை எடுக்கவே தள்ளும். வறுமையில் இருக்கும் குடும்பங்கள்தான் அதற்கு விலை கொடுக்கும். இந்தியக் குடும்பங்களும் அதில் இருக்கும்.

சட்டத்தில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது? முதலாவது, கோப்புகளை அமைச்சிடம் அனுமதி கேட்காமல் நேரடியாகத் திறக்கும் உரிமை. மறைக்கப்பட்ட நகலோ சுருக்கமோ கூடாது. மூலக் கணினிப் பதிவு, நேரமுத்திரையோடு. நியமனம் அமைச்சர் கையில் இருக்கக் கூடாது. தலைமைக் கணக்காய்வாளரை அரசமைப்புச் சட்டத்தின் 148எஃப் பிரிவின் கீழ் அதிபர் நியமிக்கிறார். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் விசாரணைக்குப் பிரதமர் சம்மதிக்காவிட்டாலும் அதிபரின் ஒப்புதலோடு தொடர 22ஜி பிரிவு வழிசெய்கிறது. பணத்தையும் லஞ்சத்தையும் பார்ப்பவர்களுக்கு இப்படிப் பாதுகாப்புத் தரத் தெரிந்த நாடு இது. குழந்தைகளின் கோப்பைப் பார்ப்பவருக்கும் அதைத் தரலாம். பரிந்துரைக்கு அமைச்சு 60 நாளுக்குள் ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று நாடாளுமன்றத்தில் பதில் வைக்க வேண்டும்.

சிறிய நாடு என்பதால் இன்னொரு சிக்கல். சமூக சேவைத் துறையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். குழுவில் உட்காரக்கூடிய நிபுணர்களில் பலர் வேலை செய்வது அமைச்சின் நிதியில் நடக்கும் அமைப்புகளில். ஆகவே குழுவில் ஓரிருவராவது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அமைச்சிலிருந்து தற்காலிகமாக இடம்மாறி வந்து மறுபடி அங்கேயே திரும்பும் ஊழியர்கள் கூடாது. தனிச் சம்பவத்தை வெளியிட்டால் புளோக் எண் சொல்லாமலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும். அதனால் பத்துப் பதினைந்து கோப்புகளைச் சேர்த்துப் பொருள்வாரியாக வெளியிடுவது நல்லது. சொல்ல வரும் ஊழியரைப் பாதுகாக்கும் பிரிவும் வேண்டும். தகவல் வெளிப்படுத்துவோருக்கான பொதுச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. அரசு ஊழியர்களை அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் கட்டுகிறது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் முறையிடும் வசதி வேண்டும் என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. பேரக்குழந்தையின் மாற்றத்தை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பாட்டி. அவருக்குத் தமிழ் மட்டும் தெரிந்தால், மகன் மொழிபெயர்க்க, மகன்மீதே புகார் சொல்ல முடியாது.

சட்டம் வரும்வரை

இப்போதைக்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை உண்டு. சந்தேகம் இருந்தால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் 999. அழைத்த நாள், நேரம், பேசியவர் பெயர், நீங்கள் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றே அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பினால் சொல் கரைவதற்கு இடம் குறையும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னால், எவ்வளவு காலத்துக்கு, எப்படித் திரும்பப் பெறுவது, குழந்தையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். நீதிமன்ற ஆணை வந்தால் மேல்முறையீட்டுக் கெடு எத்தனை நாள் என்பதை அன்றே கேளுங்கள். வருமானம் குறைவானவர்கள் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். ஆத்திரத்தில் குழந்தையின் பெயரையோ படத்தையோ ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். விசாரணையில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது, அந்தப் பதிவு உங்களுக்கே எதிராகத் திரும்பும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகும்போது உங்கள் குறையோடு இன்னொரு கேள்வியையும் கொண்டுபோங்கள்: கடந்த ஆண்டு விசாரணைக்கு எடுக்காமல் மூடிய அழைப்புகள் எத்தனை, அவற்றில் எத்தனையை அமைச்சுக்கு வெளியே இருப்பவர் ஒருவர் மறுபடி படித்துப் பார்த்தார்? அதை நாடாளுமன்றத்தில் எழுத்துவழிப் பதிலுக்குக் கேட்கச் சொல்லுங்கள்.